சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் தெரியும் கோலாலம்பூர்

1957ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மலாயாவிலேயே அதிக மக்கள் வாழ்ந்த மாநிலம் எங்கள் பேராக்தான். இங்கே 12 லட்சத்து 21 ஆயிரம் பேர் இருந்தார்கள். கோலாலம்பூரையும் தனக்குள் வைத்திருந்த சிலாங்கூரில் 10 லட்சத்து 13 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2020ஆம் ஆண்டில் பேராக்கின் எண்ணிக்கை 24 லட்சத்து 96 ஆயிரம். சிலாங்கூரையும், அதிலிருந்து 1974இல் பிரிக்கப்பட்ட கோலாலம்பூரையும், 2001இல் பிரிக்கப்பட்ட புத்ராஜெயாவையும் மீண்டும் ஒன்றாகக் கூட்டினால் 90 லட்சத்து 85 ஆயிரம் வருகிறது. அறுபத்து மூன்று ஆண்டுகளில் நாங்கள் இரண்டு மடங்கானோம். அவர்கள் ஒன்பது மடங்கானார்கள்.

இதே காலத்தில் தீபகற்ப மலேசியா முழுவதும் நான்கு மடங்குக்குச் சற்று மேல் பெருகியது. பேராக்கும் அதே வேகத்தில் பெருகியிருந்தால் இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வாழ்ந்துகொண்டிருப்பார்கள். அதாவது, இருந்திருக்க வேண்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இங்கே இல்லை. ஒரு பகுதியினர் பினாங்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள் என்பது உண்மையே. ஆனால் போனவர்களில் பெரும்பகுதியினரைத் தேட வேண்டிய இடம், கோலாலம்பூரும் அதைச் சுற்றிய சிலாங்கூர் நகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்குதான். இன்று பெட்டாலிங் மாவட்டம் ஒன்றிலேயே ஏறத்தாழ 23 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அது எங்கள் மாநிலம் முழுவதன் மக்கள்தொகையை எட்டிப்பிடிக்கும் எண்ணிக்கை.

நான் வாழ்வது சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், எல்பில், ஹீவூட், டோவன்பி, கமுனிங் போன்ற தோட்டங்களின் நடுவே, அவற்றின் சம்பள நாளை நம்பி வளர்ந்த கடைத்தெரு இது. கோலாலம்பூரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அந்த நகரத்தின் பக்கத்தில் நின்றுதான் பேசுகிறார்கள்: தொழிற்சாலைகள் வந்தன, நெடுஞ்சாலைகள் வந்தன, இரயில் வந்தது, ஆகவே மக்கள் வந்தார்கள் என்று. அதில் பிழையில்லை. ஆயினும் அந்த நகரத்தில் எந்த வயதினர் மிகுதி, அங்கே ஏன் இவ்வளவு குழந்தைகள் பிறக்கின்றன, அது ஏன் தெற்கிலும் வடக்கிலும் இப்படி நீண்டுகொண்டே போகிறது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை எங்களைப் போன்ற ஊர்களில் இருக்கிறது. யாரை, எந்த வயதில், எந்த வரிசையில் இந்தத் தோட்டங்கள் வெளியே அனுப்பின என்பதே அந்தப் பாதி விடை. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே கட்டப்பட்டிருந்தன. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடு நிருவாகத்துக்குச் சொந்தம். பெயர்ப்பதிவில் இருக்கும் வரை குடியிருக்கலாம், பெயர் நீங்கினால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கிராமத்தில் நிலமோ வீடோ உள்ள ஒருவர் வேலையைத் தேடி நகரத்துக்குப் போனாலும் திரும்பி வர அவருக்கு ஓர் இடம் இருக்கும். கிளந்தானிலிருந்தோ கெடாவிலிருந்தோ கோலாலம்பூருக்குப் போன மலாய்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு கம்பம், அதாவது சொந்தக் கிராமம், இருந்தது. தோட்டத்தை விட்டவருக்கு அது இல்லை. அவர் போனால் குடும்பத்தோடு போக வேண்டும், போன இடத்திலேயே வேரூன்ற வேண்டும். தோட்ட மக்களின் இடப்பெயர்வு அநேகமாக ஒருவழிப் பயணமாக அமைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வெளியேற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் வேதனையோடு சொல்வது அதைத்தான். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே சிறு தவணைகளாகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தது இந்தச் சிதறலைத் தடுப்பதற்காகத்தான். அவர் காப்பாற்றியவை பல. காப்பாற்ற முடியாமற்போனவை அதைவிடப் பல. அடுத்து, 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டபோது சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள்.

பிறகு வந்தது செம்பனை. ரப்பர் மரத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் சீவ வேண்டும். விடியுமுன் தொடங்கிப் பால் எடுத்து முடிக்கும் வரை ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கை தேவை. செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெட்டினால் போதும். அதே பரப்புக்கு மிகக் குறைவான ஆட்களே தேவைப்பட்டார்கள். அந்தக் குறைவான இடங்களுக்கும் 1980களிலிருந்து இந்தோனேசியத் தொழிலாளர்களும் பின்னர் வங்காளதேசத் தொழிலாளர்களும் வந்தார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட ஒவ்வொரு மறுநடவும் சில குடும்பங்களை வெளியே தள்ளியது. இதே காலத்தில், 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்து, கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அதனால் ஈப்போ சுற்றுவட்டாரத்தின் சீனக் குடும்பங்களிலிருந்தும் இளைஞர்கள் தெற்கே போனார்கள். தோட்டம் கைவிட்டவர்களுக்கு அருகிலிருந்த ஈப்போவாவது வேலை கொடுத்திருக்கலாம். ஈப்போவே ஆட்களை இழந்துகொண்டிருந்த வேளை அது.

யார் முதலில் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது; அடுத்த ஆண்டே பெட்டாலிங் ஜெயாவுக்கு அருகில் சுங்கை வேயிலும், பினாங்கில் பாயான் லெப்பாசிலும் அத்தகைய வட்டாரங்கள் தொடங்கின. அங்கே வந்த மின்னணுத் தொழிற்சாலைகள் தேடியது இளம்பெண்களை. நாடு முழுவதிலுமிருந்து, பெரும்பாலும் மலாய்க் கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும், பதினெட்டு இருபது வயதுப் பெண்கள் விடுதிகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்துத் தந்தைமார் பலர் மகளைத் தனியே அனுப்பத் தயங்கினார்கள் என்றாலும், அங்கே ஏற்கெனவே ஓர் அத்தையோ சித்தியோ இருந்தால் தயக்கம் குறைந்தது. ஆண்கள் லாரிகளுக்கும், கிள்ளான் துறைமுகத்துக்கும், கட்டுமான இடங்களுக்கும், பாதுகாவலர் வேலைக்கும் போனார்கள். ஒருவர் போய் வீடு எடுத்தால், அந்த வீட்டின் முன்னறையில் அடுத்த ஆண்டு தம்பி படுத்திருப்பார். அதற்கடுத்த ஆண்டு தம்பியின் நண்பர்.

புள்ளிவிவரத் துறையின் இடப்பெயர்வு ஆய்வுகளில் இடம் மாறியதற்கு மக்கள் கூறும் காரணங்களுள் குடும்பத்தைப் பின்தொடர்ந்து போனது திரும்பத் திரும்ப முதலிடத்தில் வருகிறது. வேலை அதற்குப் பின்னால்தான். வேலையை நோக்கி முதலில் போனவர் ஒருவர், அவரை நோக்கிப் போனவர்கள் நால்வர் என்று கொண்டால் இந்த வரிசை சரியாகவே இருக்கிறது.

ஒரு பெருநகரத்தின் மக்கள்தொகை மூன்று வழிகளில் கூடுகிறது. வெளியிலிருந்து ஆட்கள் வருவது ஒன்று. பிறப்பு இறப்பை விஞ்சுவது இரண்டாவது. நகரத்தின் எல்லை விரிந்து சுற்றியுள்ள ஊர்களை விழுங்குவது மூன்றாவது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வளர்ச்சியை இந்த மூன்றாகப் பிரித்து, இடப்பெயர்வுக்கு இவ்வளவு, இயற்கைப் பெருக்கத்துக்கு இவ்வளவு என்று பங்கு போடுவது வழக்கம். எனக்கு அந்தப் பங்கீட்டில் ஒரு குறை தெரிகிறது. இரண்டாவது கணக்கில் எழுதப்படுவது பெரும்பாலும் முதலாவதின் விளைவே.

சுங்கை சிப்புட்டிலிருந்து இருபது வயதில் போகிற ஒரு பெண் பேராக்கின் கணக்கில் ஒரே ஒரு நபர் குறைவாகத்தான் தெரிவார். ஆனால் அவர் திருமணம் செய்வதும், மூன்று பிள்ளைகளைப் பெறுவதும் அங்கேதான். அந்த மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் கிள்ளானிலோ செர்டாங்கிலோ பதிவாகின்றன. மக்கள்தொகை ஏட்டில் அவர்கள் குடிபெயர்ந்தவர்கள் அல்லர். சிலாங்கூரின் இயற்கைப் பெருக்கம். நகரத்துப் பெண்கள் சராசரியாகக் குறைவான பிள்ளைகளையே பெறுகிறார்கள், அதிலும் கோலாலம்பூரின் பிறப்பு விகிதம் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. இருந்தும் அந்த வட்டாரத்தில் பிறப்பின் எண்ணிக்கை பெரிதாக இருப்பதற்குக் காரணம், பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் அங்கே குவிந்திருப்பதுதான். அவர்களை அங்கே குவித்தது இடப்பெயர்வு. அதேபோல் அங்கே இறப்பு குறைவாக இருப்பதற்கும் ஒரு காரணம், வயதானவர்கள் எங்களோடு இருப்பதே. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களின் விகிதம் மிகுந்த மாநிலங்களுள் பேராக் முன்னணியில் நிற்கிறது. பேராக்கில் மக்கள் நீண்ட நாள் வாழ்வதால் வந்த நிலை என்று இதைச் சொல்ல முடியாது. இளையவர்கள் வேறிடம் போனதால் முதியவர்களின் பங்கு உயர்ந்து நிற்கிறது. அங்கே பிறப்பைக் கூட்டி இறப்பைக் குறைக்கும் அதே ஓட்டம் இங்கே பிறப்பைக் குறைத்து இறப்பைக் கூட்டுகிறது. ஆகவே பேராக்கின் இழப்பைப் போனவர்களின் தலைகளை எண்ணி அளக்க முடியாது. இங்கே பிறந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறையையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இதை நான் முதலில் உணர்ந்தது எந்த அறிக்கையிலும் இல்லை. எங்கள் கோவிலின் ஆண்டுத் திருவிழாவுக்கு நன்கொடை தருவோரின் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கும் பேரேடுகள் பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. எனக்கு முன் பொருளாளராக இருந்தவர் கட்டிக்கொடுத்த பழைய பேரேடுகளும் அதே அலமாரியில் உள்ளன. மிகப் பழைய பக்கங்களில் முகவரி என்று எழுதப்பட்டிருப்பது தோட்டத்தின் பெயரும் லயத்தின் எண்ணும் மட்டுமே. அதற்குப் பின் வரும் பக்கங்களில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று சில வரிகள் தலைகாட்டுகின்றன; இரயில்வேப் பட்டறையிலும் துறைமுகத்திலும் வேலை கிடைத்தவர்கள் அவர்கள். அடுத்த கட்டத்தில் கம்போங் மேடான், கம்போங் லிண்டுங்கான் என்று பெட்டாலிங் ஜெயாவையும் பழைய கிள்ளான் சாலையையும் ஒட்டிய பலகை வீட்டுக் குடியிருப்புகளின் பெயர்கள். பிறகு பூச்சோங், ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா. இப்போது எழுதப்படும் பக்கங்களில் ரவாங், செமினி, பந்திங், நெகிரி செம்பிலானின் நீலாய்.

குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் அவையே. முகவரிதான் மாறுகிறது. தோட்டத்திலிருந்து நகரத்தின் நடுவுக்குப் போனவர்கள் அங்கேயே நிற்கவில்லை. ஒவ்வொரு பத்து இருபது ஆண்டிலும் நகரத்தின் நடுவிலிருந்து வெளி வளையத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். நாட்டின் புள்ளிவிவரங்களும் இதையே காட்டுகின்றன. மலேசியாவில் இன்று நடக்கும் இடப்பெயர்வில் மிகுதியானது ஒரு நகரப்பகுதியிலிருந்து இன்னொரு நகரப்பகுதிக்கு நடப்பது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு நேராகப் போவது அதில் ஒரு சிறு பங்கே. அதிக ஆட்களைப் பெறும் மாநிலம் சிலாங்கூர். கோலாலம்பூரோ பல ஆண்டுகளாகவே, மாநிலங்களுக்கு இடையிலான கணக்கில், வருகிறவர்களைவிடப் போகிறவர்கள் மிகுந்த இடமாக இருக்கிறது. தலைநகரத்தின் பெயரால் நடக்கும் வளர்ச்சி உண்மையில் தலைநகரத்துக்கு வெளியே நடக்கிறது.

இந்த இரண்டாம் நகர்வுக்கு விருப்பம் மட்டும் காரணமன்று. 1970களிலும் 1980களிலும் நகரத்துக்கு வந்தவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. ஆற்றோரத்திலும் இரயில் பாதையோரத்திலும் பழைய ஈயக் குட்டைகளின் கரையிலும் அரசாங்க நிலத்தில் பலகையும் தகரமும் கொண்டு வீடு கட்டினார்கள். புறம்போக்கு என்று அழைக்கப்பட்ட அந்தக் குடியிருப்புகளில் நீர்க்குழாயும் மின்சாரமும் வர ஆண்டுகள் பிடித்தன. ஆனால் தோட்டத்து லயத்தைப் போலவே பக்கத்து வீட்டில் மாமனும் எதிர் வீட்டில் சம்பந்தியும் இருந்தார்கள். 2005ஆம் ஆண்டுக்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலம் என்று சிலாங்கூர் இலக்கு வைத்தபோது அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. மக்கள் நீண்ட வீடுகள் என்ற தற்காலிக இருப்பிடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அடுக்குமாடி மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள். அந்த வீடுகளும் நிலம் மலிவாகக் கிடைத்த இடங்களில்தான் எழுந்தன. தோட்டம் ஒரு முறை கலைத்த உறவு வட்டத்தை நகரம் இரண்டாம் முறை கலைத்தது. எங்கள் இளைஞர்களிடம் பின்னர் தோன்றிய பல சிக்கல்களைப் பேசுவோர் வறுமையைப் பற்றிப் பேசுகிறார்கள்; இரண்டு முறை அக்கம்பக்கத்தை இழந்ததைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது வழியான எல்லை விரிவுக்கு வருகிறேன், ஏனெனில் இதிலும் தோட்ட மக்கள் இருக்கிறார்கள், நகரத்தைத் தேடிப் போகாமலே. சுபாங் ஜெயா எழுந்தது சீஃபீல்ட் தோட்டத்தில், 1970களின் நடுவில். புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டத்தில்; முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் படைவீரர்கள் 1921இல் திறந்த தோட்டம் அது. அங்கிருந்த தொழிலாளர்கள் டெங்கிலுக்கு அனுப்பப்பட்டார்கள். ரப்பர் பால் வடித்த நிலத்தில் வீட்டு மனை வடித்தால் பல மடங்கு வருமானம் என்றானபோது, கோலாலம்பூரைச் சுற்றிய தோட்டங்கள் கைமாறிக் கட்டுமான நிறுவனங்களின் நில இருப்பாயின. பண்டார் உத்தாமாவின் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி, பூச்சோங்கின் காசல்ஃபீல்ட் தமிழ்ப்பள்ளி, ஷா ஆலாமின் மிட்லண்ட்ஸ் தமிழ்ப்பள்ளி, சுபாங் ஜெயாவின் சீஃபீல்ட் தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் வாசலில் நின்று பார்த்தால் ரப்பர் மரம் ஒன்றும் தெரியாது. நகரம் எந்த நிலத்தின் மேல் நிற்கிறது என்பதற்கு அந்தப் பெயர்ப்பலகைகளே எஞ்சியிருக்கும் ஆவணம்.

கணக்கெடுப்பின் வரையறையும் இதில் சேர்கிறது. 1991 முதல், அரசிதழில் அறிவிக்கப்பட்ட நகர எல்லையோடு அதை ஒட்டிய கட்டடப் பகுதிகளையும் சேர்த்து, பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்து, வேலை செய்வோரில் பெரும்பான்மையினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருந்தால், அது நகரப்பகுதி என்று எண்ணப்படுகிறது. 1970இல் நாட்டின் நகர மக்கள் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு, 2010இல் 70.9, 2020இல் 75.1. இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களால் வந்தது. இன்னொரு பங்கு, இருந்த இடத்திலேயே இருந்தவர்களைச் சுற்றி நகரம் எழுந்ததால் வந்தது.

இவ்வளவும் தமிழர்களை வைத்தே எழுதுகிறேன் என்பதால் மற்றவர்களின் பங்கு சிறியது என்று பொருளாகாது. எண்ணிக்கையில் அதுவே பெரிது. சுதந்திரம் பெற்றபோது சீனர் பெரும்பான்மையாக இருந்த கோலாலம்பூரில் இன்று, மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடியினரும் அடங்கிய பூமிபுத்ராக்களே மிகப் பெரிய பிரிவினர். பூமிபுத்ராக்களின் பொருளாதாரப் பங்கை உயர்த்த 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் அரசாங்க வேலைக்கும் உயர்கல்விக்கும் தொழிற்சாலைக்கும் வந்த மலாய்க் குடும்பங்களும், அண்மை ஆண்டுகளில் சபா, சரவாக்கிலிருந்து வந்தவர்களும் அந்த மாற்றத்தை உண்டாக்கினார்கள். எல்லா இனங்களின் இளமையும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதோடு, அந்த 90 லட்சத்தில் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த தொழிலாளர்களும் அடங்குவர் என்பதால் முழு வளர்ச்சியையும் உள்நாட்டு இடப்பெயர்வின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இடப்பெயர்வு ஏற்படுத்திய மாற்றத்துக்கு நிருவாகம் எவ்வளவு மெதுவாக ஈடுகொடுக்கிறது என்பதற்குத் தமிழ்ப்பள்ளிகளே சான்று. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூற்றிருபதைச் சற்றே தாண்டுகின்றன. மூடியவை பெரும்பாலும் தோட்டப்பள்ளிகள். எஞ்சிய தோட்டப்பள்ளிகளில் பல, முப்பது பிள்ளைகளுக்கும் குறைவாக வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கின்றன. அதே நேரத்தில் கிள்ளானின் சிம்பாங் லீமா போன்ற பள்ளிகளில் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேல். ஆள் குறைந்த தோட்டப்பள்ளியின் உரிமத்தை மக்கள் குடியேறிய தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, மாற்றிப் புதிய கட்டடம் எழுப்பும் வழி இருக்கிறது, சில இடங்களில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் குடும்பங்கள் செமினிக்கும் ரவாங்குக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பள்ளி போய்ச் சேர அதைப்போல் பல மடங்கு காலம் ஆகிறது. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் நுழைந்து ஆறாம் ஆண்டை முடித்துவிடும். அருகில் தமிழ்ப்பள்ளி இல்லை என்ற ஒரே காரணத்தால் தேசியப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை, தமிழில் அக்கறையில்லாத பெற்றோரின் பிள்ளைகள் என்று மேடைகளில் குறை கூறும்போது எனக்குக் கோபம் வருகிறது.

வாக்குரிமையிலும் இதே இடைவெளி. 2021 டிசம்பரில் பதினெட்டு வயது வாக்குரிமையோடு தானியங்கி வாக்காளர் பதிவும் நடைமுறைக்கு வந்தது. அடையாள அட்டையில் எந்த முகவரி உள்ளதோ அந்தத் தொகுதியில் பெயர் சேர்கிறது. பூச்சோங்கில் பத்தாண்டு வாழ்ந்தவரின் அட்டையிலும் சுங்கை சிப்புட் முகவரியே இருக்கலாம். அவர் அங்கே வரி கட்டி, அங்கே மருத்துவமனையில் வரிசையில் நின்று, வாக்களிக்க மட்டும் இங்கே வருகிறார். அப்படி இருந்தும் சிலாங்கூர்த் தொகுதிகள் எவ்வளவு பருத்துவிட்டன என்றால், 2022 பொதுத்தேர்தலில் பாங்கித் தொகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். சரவாக்கின் ஈகான் தொகுதியில் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர். மக்கள் நகர்ந்த வேகத்துக்குத் தொகுதி எல்லைகள் நகரவில்லை. இரு தொகுதிகளுக்கும் நாடாளுமன்றத்தில் இருப்பது தலா ஓர் இருக்கைதான்.

கூலியைப் பற்றி ஒரு சொல். 2020 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் திருத்தப்பட்டபோது, 56 மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200 ரிங்கிட் என்றும் ஏனைய இடங்களில் 1,100 ரிங்கிட் என்றும் இரண்டு விகிதங்கள் வகுக்கப்பட்டன. அந்த நூறு ரிங்கிட்டுக்காக யாரும் ஊரை விட்டிருக்க மாட்டார்கள். பின்னர் அந்த வேறுபாடும் நீக்கப்பட்டது. இருப்பினும் சிற்றூரில் உழைப்பவரின் மணிநேரத்துக்குக் குறைந்த விலை என்று சட்டமே எழுதியதை இங்கே உள்ளவர்கள் கவனித்தார்கள்.

சாலையும் இரயிலும் இந்த ஓட்டத்தை எப்படி மாற்றின என்பது நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் செய்தி. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபோது, இனி இளைஞர்கள் ஊரிலேயே இருந்துகொண்டு வெளியே வேலை செய்வார்கள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். ஈப்போவரை அது நடந்தது. கோலாலம்பூர் நாள்தோறும் போய்வரும் தொலைவில் இல்லை என்பதால் நெடுஞ்சாலை வேறொன்றைச் செய்தது: போவதை எளிதாக்கியது, போனவர் தீபாவளிக்கும் கருமக்கிரியைக்கும் வந்து போவதையும் எளிதாக்கியது. பிரிவின் கடுமை குறைந்ததால் பிரியும் தயக்கமும் குறைந்தது. எங்கள் நிலையத்தில் நிற்கும் மின்ரயிலும் அதையே செய்கிறது. அன்றாடம் போய்வரும் இரயில் சேவை எங்கே முடிகிறதோ அதுவே பெருநகரத்தின் உண்மையான விளிம்பு என்று கொண்டால், அது வடக்கே தஞ்சோங் மாலிம் வரை வந்துவிட்டது. அதாவது பேராக்கின் தெற்கு வாசலுக்கே. தஞ்சோங் மாலிமில் வீடு வாங்கி ரவாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்பவர் கணக்கெடுப்பில் பேராக்காரர். வாழ்க்கை முறையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மனிதர்.

இனி, திரும்பி வருகிறவர்கள். அவர்களும் இருக்கிறார்கள். அறுபதை எட்டியவர்கள் சிலர், அங்கே வாங்கிய அடுக்குமாடி வீட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, இங்கே விலை குறைந்த ஒற்றை மாடி வீட்டை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பிறந்த தோட்டத்துக்குத் திரும்ப முடியாது, அங்கே லயமும் இல்லை. ஊரின் தாமான்களுக்குத்தான் வருகிறார்கள். இவர்களின் வருகையை ஊரின் மறுமலர்ச்சி என்று சிலர் மகிழ்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சியே, ஏனெனில் நல்ல நண்பர்கள் சிலர் அப்படி மீண்டும் கிடைத்தார்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் இது இன்னொரு முறை அதே திசையில்தான் எடை சேர்க்கிறது: நாற்பது ஆண்டு உழைப்பு அங்கே, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே, முதுமை இங்கே. சுங்கை சிப்புட்டில் அரசாங்க மருத்துவமனை உண்டு. இருதயத்துக்கும் புற்றுநோய்க்கும் சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரோட்டிப் போகும் மகனோ மகளோ வீட்டில் இல்லை. ஆகவே வார இறுதிகளில் செமினியிலிருந்தும் நீலாயிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், சந்திப்பு வார நாளில் விழுந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மக்கள்தொகை குறைந்த ஊருக்கு மருத்துவ வசதியையும் குறைவாகத் திட்டமிடும் முறை இங்கே பொருந்தாது. தலைகளின் எண்ணிக்கையோடு அவற்றின் வயதையும் பார்த்து, ஈப்போவுக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஒரு நிலையான வண்டிச் சேவையும், மாதத்துக்குச் சில நாட்களாவது சிறப்பு மருத்துவர்கள் இங்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் வேண்டும் என்று எங்கள் கோவில் நிருவாகமும் வேறு சில சங்கங்களும் சேர்ந்து மனு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். அதில் இணைக்க, தனியே வாழும் முதியவர்களின் பட்டியலைத் தாமான் வாரியாக இப்போது எழுதி வருகிறேன்.